கதவு எண் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். வீடில்லாமல் இருந்து மீண்டு வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னை வால்டாக்ஸ் சாலையில் ஒரு கிடங்கு வாசலில் மூன்றரை வருஷம் படுத்திருந்தவன் நான். அங்கே எப்படி வந்தேன் என்பதை விட்டுவிடலாம். கடன், குடி, வீட்டில் சண்டை, உங்களுக்குத் தெரிந்த வரிசைதான்.

பிளாட்பாரத்தில் படுப்பவன் வேலைக்குப் போகாதவன் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சும்மா இருந்த நாள் குறைவு. பகலில் சவுகார்பேட்டையில் மூட்டை தூக்கினேன், முகூர்த்த நாளில் மண்டபத்தில் இலை எடுத்தேன். கூலி சாயங்காலம் வரும், ராத்திரிக்குள் போய்விடும். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவோம், இல்லாவிட்டால் விடிந்ததும் இருக்காது. மழை ராத்திரியில் அந்தத் தூக்கமும் இல்லை, சுவரோரம் உட்கார்ந்தே விடியும்.

அப்படி ஒரு மழையில்தான் வீடில்லாதவர்களுக்கான மாநகராட்சிக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருப்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பெட்டியும் அதற்குப் பூட்டும் கொடுத்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் சாமானை விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே போனேன். இரண்டு தடவை பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

வேலைக்கு ஆதார் கேட்டார்கள். காப்பகத்து அக்கா அழைத்துப் போனார். கவுண்டரில் இருந்த பெண், "முகவரி?" என்றார். வால்டாக்ஸ் சாலை என்றேன். "கதவு எண்?" கதவே இல்லையேம்மா என்றேன். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். அப்புறம் காப்பகப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தை அக்கா நீட்டினார், காப்பகத்தின் கதவு எண்ணே என் கதவு எண் ஆயிற்று. அதை வைத்து வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு, அதை வைத்து அண்ணா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் வேலை.

முக்கியமானது இனிமேல்தான். மாதச் சம்பள வேலையில் நான் முன்பும் இரண்டு முறை சேர்ந்திருக்கிறேன். இரண்டு முறையும் ஐந்தாறு நாளில் நின்றுவிட்டேன். சோம்பேறி என்றார்கள். கணக்கைப் பாருங்கள். மூன்றாம் தேதி சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி. அதுவரை 35 நாள் எதைச் சாப்பிடுவது? பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? மூட்டை தூக்கினால் அன்றைக்கே காசு. பசிக்கிறவன் எங்கே போவான்?

இந்த முறை படுக்க இடம் இருந்தது, ராத்திரிச் சாப்பாடு இருந்தது. காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி. பஸ் காசை அக்கா ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கொடுத்தார். அந்த 35 நாளைத் தாண்டியதுதான் எல்லாம்.

நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது சம்பளத்தில் குடித்துவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அக்கா சூப்பர்வைசரிடம் பேசினார், அவரும் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வேண்டாம் என்றிருந்தால் நான் திரும்பக் கிடங்கு வாசலுக்குத்தான் போயிருப்பேன்.

வாடகைக்கு அறை தேட இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. போன இடமெல்லாம் பத்து மாதம் கேட்டார்கள். கடைசியில் வியாசர்பாடியில் ஒரு மாடி அறை, ஐந்து மாத அட்வான்ஸுக்குப் படிந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாவுக்கு என் மேல் ஒரே ஒரு குறை. "செருப்பை வாசலில் விடுங்க அண்ணே, உள்ள ஏன் கொண்டு போறீங்க?" என்று தினமும் கேட்கிறார். சரிம்மா என்கிறேன். இன்னும் விடவில்லை.