ஊர் ஏன் அங்கே நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மலைக்கிராமத்துக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், அருவி, மேகம், பனி என்று சொல்வார்கள். வரலாறு ஏதாவது உண்டா என்றால், இடிந்த கோட்டை ஒன்று இருந்தது என்பார்கள். இப்படி இயற்கையை ஒரு பக்கமும் வரலாற்றை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால், அந்த ஊரையே பார்க்காமல் திரும்பிவிட்டதாகத்தான் நான் நினைப்பேன். சமவெளியில் ஊர் அமைய எத்தனையோ இடம் உண்டு. மலையில் தண்ணீர், வெயில், மண் எல்லாம் கூடிவரும் இடம் கொஞ்சம்தான். அதனால் எந்த மலைக்கிராமத்துக்குப் போனாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த ஊர் ஏன் இங்கே நிற்கிறது?

பல ஊர்களில் பள்ளத்தாக்கின் அடியில் நல்ல சமதரை கிடக்கும். வீடுகளோ சரிவின் பாதியில் தொற்றிக்கொண்டிருக்கும். காரணம் உண்டு. மேலே போகப் போக, 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர் கூடும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் மேகமில்லாத குளிர்கால இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து இறங்கி அடியில் தேங்கி நிற்கும். உறைபனியும் அங்கேதான் கடுமையாக விழும். ஆறு பெருகினால் வெள்ளமும் அங்கேதான். வட அரைக்கோளத்தின் குளிர்ப் பிரதேசங்களில் ஊர் பெரும்பாலும் தெற்குப் பார்த்த சரிவில் இருப்பதையும் கவனியுங்கள். வெயில் அந்தப் பக்கம்தான் நன்றாக விழும்.

அப்புறம், படிவயல்களுக்குப் பக்கத்தில் போய் அந்தச் சுவர்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பல இடங்களில் சாந்து எதுவும் பூசாமல், கல்லின் மேல் கல்லை அடுக்கியே கட்டியிருப்பார்கள். சுவர் நேராக நிற்காமல் மேட்டுப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இடையிடையே நீளமான கல் ஒன்றை உள்ளே மண்வரை செலுத்தியிருப்பார்கள். அது சுவரைப் பிடித்து நிறுத்தும். பின்னால் சிறு கற்களைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மழைநீர் அந்த இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். அதே சுவரை நீர் வெளியேற வழி விடாமல் சிமெண்டால் பூசினால், பின்னால் தண்ணீர் தேங்கி, அழுத்தம் தாங்காமல் வயிறு தள்ளி ஒருநாள் சரிந்துவிடும். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018-ல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு எந்தக் கோட்டையையும்விட இந்தச் சுவர்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கட்டியவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது.

ஊருக்கு மேலே ஒரு துண்டுக் காடு மட்டும் வெட்டப்படாமல் நின்றால், அதுவும் தற்செயலாக இருக்காது. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊரில், மேலிருக்கும் காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பனிச்சரிவு ஊர்மேல் விழாமல் தடுப்பது அந்த மரங்கள்தான்.

இதுவரை சொன்ன கணக்குகளுக்குப் பிடிபடாத ஊர்களும் உண்டு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் ஏரிக்கும் செங்குத்தான மலைக்கும் நடுவில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. குளிர்காலத்தில் வெயில் சரியாக எட்டுவதில்லை. பயிர் செய்யவும் இடமில்லை. அப்படியும் மனிதர்கள் ஏன் அங்கே போனார்கள்? உப்புக்காக. மலைக்குள் உப்புப் பாறை இருக்கிறது. அங்கே சுரங்கத்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் மரப் படிக்கட்டு ஒன்று மட்காமல் கிடைத்திருக்கிறது. உப்புதான் அதைக் காத்தது. 1846-ல் தொடங்கிய அகழாய்வில் ஏராளமான கல்லறைகள் வெளிப்பட்டன. ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே 1000 பேர்கூட வசிக்கவில்லை. கோடையில் ஒரே நாளில் அதைப்போலப் பல மடங்கு பயணிகள் வந்து இறங்குகிறார்கள். பாதிப்பேர் சில மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். சின்ன ஊர் என்றால் ஒரு இரவாவது தங்குங்கள். கூட்டம் இல்லாத மாதம் பார்த்துப் போங்கள். ஊர்க்காரர்கள் பேச நேரம் கிடைக்கும். உங்களுக்கும் கேட்க நேரம் இருக்கும்.

பேச்சு கொடுக்கும்போது மலையைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஓடை திடீரென்று பெருகும், எந்தச் சரிவில் கல் உருளும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தில் பிளாட்டன் என்ற கிராமத்தின்மேல் பனியாறும் பாறையும் சரிந்து, ஊரின் பெரும்பகுதி புதைந்துபோனது. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்த ஒருவர் உயிரிழந்தார். ஊரில் இருந்த சுமார் 300 பேரும் தப்பியதற்குக் காரணம், மலை நகர்வதை முன்பே கண்டு, 9 நாட்களுக்கு முன்னால் அவர்களை வெளியேற்றிவிட்டதுதான். ஆகவே, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னால், பாதை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் போகாதீர்கள். வேறு எந்தப் பக்கம் நடக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். நல்ல வழியாகவே சொல்வார்.

நன்றி, வணக்கம்.