அந்த 1 மதிப்பெண்

நடுவர் ஐயா அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். 1939இல் கம்பன் கழகம் கண்ட ஊர் இது. கேட்டு எடைபோடத் தெரிந்த சபை என்ற தைரியத்தில் பேசுகிறேன். மாணவர் போடும் மதிப்பெண்ணை வைத்துப் பேராசிரியருக்குப் பதவி உயர்வு தரலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. கூடாது என்பது என் கட்சி.

எதிரணியில் பேசிய தங்கை, "பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் ருசி தெரியும், பேராசிரியரின் தரத்தை மாணவர்தான் சொல்ல வேண்டும்" என்றார். ருசி தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிப்பு இலையில் வைத்ததும் தெரிந்துவிடுகிற ருசியா?

நான் படித்த கல்லூரியில், ஆசிரியர்களுக்கு நாங்கள் மதிப்பெண் போடும் கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் ஹால்டிக்கெட் கிடைக்கும். ஹாஸ்டலில் இரவு பதினொன்றரை மணி. பக்கத்தில் இருந்த தேவகோட்டைப் பையனின் கட்டைவிரல் போனில் நேர்கோடாக இறங்கியது: 4, 4, 4, 4. கேள்வியை அவன் வாசிக்கவே இல்லை. நானும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் நிறுத்தி, யோசித்து, 1 போட்டேன். கணக்கு வாத்தியார். வாராவாரம் டெஸ்ட் வைப்பார், தப்பைப் போர்டில் எழுதிக் காட்டுவார். அடுத்த வருஷப் பாடத்தில் நான் தேறியது அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான். அது புரிந்தபோது என் 1 அவர் கோப்பில் ஏறிவிட்டிருந்தது.

என் ஒருவன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க விமானப்படை அகாதமியின் கட்டாயப் பாடங்களில் எந்த மாணவருக்கு எந்த ஆசிரியர் என்பது குலுக்கலில் அமைகிறது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. அதை வைத்து கேரல், வெஸ்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாக எழுதினார்கள். அதன் தொடர்ச்சியான மேல்பாடங்களில் பின்தங்கினார்கள்.

இன்னொன்று என் மனசை அறுக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆன்லைன் வகுப்பு. ஆசிரியர் முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்பதை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். திருத்திய தாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. "தாமதமில்லாமல் தந்தாரா?" என்ற கேள்விக்கு, ஆண் என்று நம்பியவர்கள் 5க்கு 4.35 கொடுத்தார்கள், பெண் என்று நம்பியவர்கள் 3.55. பெண்ணைப் பேராசிரியராக்கிப் பார்த்த ஆச்சிகள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். உங்கள் மகளுக்கு இந்தத் தராசா?

சரி, மாணவர் பேசவே கூடாதா? பேசட்டும். குரல் கேட்கவில்லை, பாடம் ஓடுகிறது என்றெல்லாம் எழுதட்டும். அது அவர்கள் கண்டது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பே தன் கணக்கெடுப்புக்கு 'மாணவர் திருப்தி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. திருப்தி வேறு, கற்றது வேறு.

கனடாவின் டொரண்டோவில், அப்போது ரையர்சன் என்று பெயர் கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் இதே பிரச்சினை 2018இல் ஒரு நடுவர் முன் வந்தது. பதவி உயர்வுக்காகக் கற்பிக்கும் திறனை அளக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் தீர்ப்பளித்தார். ஐயா, அதே தீர்ப்பை உங்களிடம் கேட்கிறேன்.