வைக்கிங் ரத்தம் யாருக்கு ஓடுகிறது?

(திரையில்: ஈட்டியும் கேடயமும் ஏந்திய பிரம்மாண்டச் சிலை)

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அலெக்சாண்டிரியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே நிற்கிற இந்த வைக்கிங் சிலையின் உயரம் 28 அடி. வைக்கிங்குகள் என்றால், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து, அதாவது இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் பக்கத்திலிருந்து, கப்பலேறிப் போன கடலோடிகள். கேடயத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 'அலெக்சாண்டிரியா, அமெரிக்காவின் பிறப்பிடம்.'

கடலே இல்லாத ஊருக்கு இந்தப் பெருமை எப்படி வந்தது? 1898இல் பக்கத்துக் கென்சிங்டனில் ஓலாஃப் ஓமன் என்ற விவசாயி, மரத்தை வேரோடு பிடுங்கும்போது ஒரு கல் கிடைத்ததாகச் சொன்னார். அவர் ஸ்வீடனில் இருந்து குடியேறியவர். கல்லில் ரூன் எழுத்துகள், அதாவது வட ஐரோப்பியர்களின் பழைய எழுத்துகள். 1362இல் ஸ்வீடன்காரர்களும் நார்வேக்காரர்களும் இங்கே வந்ததாகவும், அவர்களில் பத்துப் பேர் ரத்தவெள்ளத்தில் செத்துக் கிடந்ததாகவும் அதில் செய்தி. மொழியறிஞர்கள் இதை 19ஆம் நூற்றாண்டுப் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், 1362இல் வைக்கிங் காலம் முடிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தக் கல்லுக்கென்று ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஓமனைப் போலக் குடியேறிய அந்த மக்களின் ஆசை எனக்குப் புரிகிறது. பிழைப்புத் தேடி வந்த இடத்தில் புதிய மொழி, பிறர் நிலம். 'கொலம்பஸுக்கு முன்னால் வந்தது எங்கள் பாட்டன்தான்' என்று சொல்ல முடிந்தால் தலை நிமிரும் அல்லவா?

சரி, வைக்கிங்குகள் அமெரிக்கக் கண்டத்துக்கு வரவே இல்லையா? வந்தார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவர்களுடைய குடியிருப்பை ஹெல்கே இங்ஸ்டாட் 1960இல் கண்டறிந்தார். அவர் மனைவி ஆன் ஸ்டீன் அகழாய்வை நடத்தினார்.

(திரையில்: நடுவில் துளையிட்ட சிறு கல் வில்லை)

அங்கே கிடைத்த பொருள்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நூல் நூற்கும் தக்ளியில் செருகுகிற வில்லை. பெண்களும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆண்டும் தெரியும். 993இல் அடித்த சூரியப் புயலின் தடயம், அவர்கள் அங்கே வெட்டிய மரத்தின் வளையத்தில் பதிந்திருந்தது. அதிலிருந்து பட்டை வரை, ஆண்டுக்கு ஒன்றாக 28 வளையங்கள். ஆக, மரம் வெட்டப்பட்டது 1021இல்.

வைக்கிங் என்றதும் நினைவுக்கு வருகிற கொம்பு வைத்த தலைக்கவசமா? அது 1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடையிலிருந்து பரவியது.

அப்புறம், டிஎன்ஏ பரிசோதனை. எச்சிலை அனுப்பினால் 'ஸ்காண்டிநேவியா 20 சதவீதம்' என்று முடிவு வருகிறது; உடனே கையில் ரூன் எழுத்தைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனங்கள் நம்மை ஒப்பிடுவது பெரும்பாலும் இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மக்களோடு; வைக்கிங்குகளோடு அல்ல. இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு என்றால் ஏறக்குறைய 35 தலைமுறை. தலைமுறைக்குத் தலைமுறை முன்னோர் இரட்டிப்பானால் 3,400 கோடிப் பேர் வேண்டும்! அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. எனவே ஒரே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப முன்னோர்களாக வருகிறார்கள். இன்றைய ஐரோப்பியர் யாரை எடுத்தாலும், வைக்கிங் ஒருவர் ஏறக்குறைய நிச்சயமாக அவருடைய மூதாதை. வைக்கிங்கிடம் அடிமையாக இருந்தவரும் மூதாதைதான்.

இந்த இரண்டாமவரைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான். ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவியர்கள். பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள் என்கிறது மரபணு ஆய்வு. எத்தனையோ பேர் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். சாகா என்கிற ஐஸ்லாந்துப் பழங்கதை ஒன்றில் மெல்கோர்க்கா என்ற அடிமைப் பெண் வருகிறாள். சந்தையில் வாங்கியவன் அவளை ஊமை என்றே நினைத்திருந்தான். ஒருநாள் காலையில் ஓடைக்கரையில் தன் சின்ன மகனோடு அவள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறான். அவள் அயர்லாந்து அரசனின் மகள். வைக்கிங் பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இவளையும் பாட்டி என்று சொல்ல வேண்டும்.

ரூன் எழுத்துகளை நாஜிகள் தங்கள் சின்னமாக்கினார்கள். வெள்ளை இனவாதிகள் இன்றும் அவற்றைத் தூக்கிப் பிடித்துத் தூய வடக்கத்தி ரத்தம் பற்றிப் பேசுகிறார்கள். 2020இல் வெளியான ஆய்வு 442 பேரின் எச்சங்களிலிருந்து மரபணுவைப் படித்தது. தெற்கு ஐரோப்பியக் கலப்பும் ஆசியக் கலப்பும் வைக்கிங் காலத்துக்கு முன்பே ஸ்காண்டிநேவியாவுக்குள் வந்திருந்தன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில், வைக்கிங் முறைப்படி வாளோடு புதைக்கப்பட்ட இருவரின் மரபணு, இன்றைய அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் மரபணுவையே ஒத்திருந்தது.