டிரைகிளிசரைடு இறங்கியது, எல்.டி.எல். ஏறியது

வணக்கம். மாவுச்சத்தை அடியோடு குறைத்து, கொழுப்பைத் தாராளமாகக் கூட்டிச் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லதா கெட்டதா, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். ஒரே வரியில் பதில் சொன்னால் பாதி பொய்யாகிவிடும் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் இந்த முறைக்குத்தான் கீட்டோ என்று பெயர், அது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த உணவுமுறை அது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள், பலனும் இருக்கிறது. எடை, சர்க்கரை, இதயம் என்று எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றியது பிற்பாடுதான்.

சரி, ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான், யாருடையதும் இல்லை. மூன்று மாதம் கீட்டோவில் இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 240-இல் இருந்து 110-க்கு வந்துவிட்டது, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 38 இருந்தது 45 ஆகிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது, பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. கை குலுக்கிப் பாராட்டத் தோன்றும். ஆனால் அதே தாளில், ரத்தத்தில் துகள் துகளாக ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 125-இல் இருந்து 190-க்கு ஏறியிருக்கிறது. அதைக் காட்டினால் வருகிற பதில், "துகள் பெரிசா இருந்தா ஆபத்து இல்லையாம் சார்." எங்கே படித்தீர்கள் என்று நான் கேட்பதில்லை, எப்படியும் செல்போனில்தான்.

எல்லோருக்கும் இப்படி ஏறாது. சிலருக்கு அசையவே அசையாது, ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களில் சிலருக்குக் கிடுகிடுவென்று ஏறும். வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி இவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உள்ளே போகும்போது, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் வேலை மந்தமாகிறது, அது ரத்தத்திலேயே தங்கி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து, வருடக்கணக்கில் படிகிறது. துகள் பெரிசா சிறிசா என்பதைவிட எத்தனை துகள் ஓடுகிறது என்பதுதான் முக்கியம், அதை அளக்க அப்போ-பி என்றே ஒரு பரிசோதனை இருக்கிறது. பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக உள்ள குடும்பங்களில், சர்க்கரையும் இல்லாமல் தொப்பையும் இல்லாமல் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவதை மருத்துவர்கள் பல காலமாகப் பார்க்கிறார்கள். ஆகவே மற்ற எண்கள் அழகாக இருக்கின்றன என்பதற்காக இந்த எண்ணுக்கு மன்னிப்புக் கிடையாது.

அப்படியானால் கொழுப்பே விஷமா என்றால், அதுவும் இல்லை. ஸ்பெயினில் ஏறக்குறைய 7,400 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ தாராளமாகச் சாப்பிட்டவர்களுக்குக் கலோரியில் சுமார் 40 சதவீதம் கொழுப்பில் இருந்தே வந்தது, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட 30 சதவீதம் அளவுக்குக் குறைவு. (ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி என்று அந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்று 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள், முடிவு பெரிதாக மாறவில்லை.) கவனியுங்கள், அவர்கள் பழம், பருப்பு, காய்கறியை ஒதுக்கவில்லை. கீட்டோவில் இவற்றில் பாதி வெளியே போய்விடும், கூடவே நார்ச்சத்தும் போய்விடும்.

எடை விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2018-இல் வெளியான, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 609 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இறங்கினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் சர்க்கரையையும் மைதாவையும் விடச் சொல்லியிருந்தார்கள், என் கணக்கில் பாதி வேலையைச் செய்தது அதுதான்.

2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் பிரபலமான உணவுமுறைகளுக்கு மதிப்பெண் போட்டபோது, ரத்த அழுத்தத்துக்கான டாஷ் முறைக்கு 100, கீட்டோவுக்கு 31. தங்கள் வழிகாட்டுதலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மதிப்பெண்தான் அது, எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்ற கணக்கு இல்லை. கீட்டோ ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்து அந்தக் கணக்கை எடுத்த பெரிய சோதனை இதுவரை நடக்கவில்லை, இரண்டு தரப்பும் இதை மறந்துவிட்டுத்தான் சண்டை போடுகிறது.

கீட்டோவில் இருந்தே பார்க்கிறேன் என்பவர்கள், ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முறை கொலஸ்ட்ரால் பாருங்கள். எல்.டி.எல். ஏறினால் வெண்ணெயை நிறுத்தி, கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய் பக்கம் மாறுங்கள், மாவுச்சத்தையும் கொஞ்சம் திரும்பச் சேருங்கள், பலருக்கு இறங்கிவிடும். அப்புறம், இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது, ஏனென்றால் பழைய டோஸில் சர்க்கரையோ பிரஷரோ திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி ஐ.சி.யூ. வரைக்கும் போக நேரலாம். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.