வெறும் வயிற்றுச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

வணக்கம். இது அப்பாவின் சர்க்கரை நோட்டு. கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். நேற்று இரவு இரண்டே இட்லி. காலையில் வெறும் வயிற்றில் 158. எழுதும்போது பேனாவை எவ்வளவு கோபத்தில் அழுத்தினாரோ, தாளே கிழிந்திருக்கிறது.

அப்பா, இட்லியைத் திட்டாதீர்கள். அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு உங்கள் கல்லீரல் விடிய விடிய தயாரித்தது.

இன்சுலின் சாவி, செல் பூட்டு என்று நானே பழைய வீடியோவில் சொல்லியிருக்கிறேன். அது அரைகுறை விளக்கம். தசைச் செல்லுக்குள் சர்க்கரையை விடும் வாசல் குளூட்-4 என்ற புரதம். உற்சவமூர்த்தி போல அது உள்ளேயே இருக்கும். மேளம் கேட்டால்தான் புறப்பாடு. இன்சுலின் செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டதும், ஏற்பி ஐ.ஆர்.எஸ்-1 என்ற புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது பிஐ3 கைனேஸ் என்ற நொதியை எழுப்ப, செய்தி ஏகேடி என்ற அடுத்த நொதிக்குப் போகிறது. ஏகேடி சொன்ன பிறகே குளூட்-4 வெளியே வருகிறது.

உடல் பருத்து, கொழுப்பு தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் வழிந்துவிட்டால், அதே ஐ.ஆர்.எஸ்-1இல் செரின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவது அதே பாஸ்பேட்தான், இடம்தான் தப்பு. செய்தி அங்கேயே தேங்குகிறது. இன்சுலின் சொல்லியும் செல் கேட்காத இந்த நிலைக்கு, அதாவது இன்சுலின் எதிர்ப்புக்கு, சொல்லப்படும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கொழுப்புத் திசுவும் சும்மா கிடப்பதில்லை. பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் கூடுதலாகச் சுரப்பதை ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர் 1993இல் காட்டினார்கள். அதுவும் இந்தச் செய்தியைத்தான் கெடுக்கிறது.

இனி கல்லீரல். அங்கே ஏகேடியின் வேலை, சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கும் ஃபாக்ஸோ-1 என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவிலிருந்து வெளியே தள்ளிச் சர்க்கரைத் தயாரிப்பை அடக்குவது. செய்தி வராவிட்டால் ஃபாக்ஸோ-1 உள்ளேயே உட்கார்ந்து அடுப்பை அணையவிடாது. அநியாயம் என்னவென்றால், 'கொழுப்பைத் தயாரி' என்ற இன்சுலினின் இன்னொரு கட்டளை மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது! கணையம் இன்சுலினைக் கூட்டக் கூட்ட, கல்லீரலில் கொழுப்பும் கூடுகிறது.

"நான் ஒல்லிதானே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ) இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசு இதைக் காட்டாது.

நல்ல சேதியும் உண்டு. குளூட்-4ஐ அழைக்க இன்னொரு மேளம் இருக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி எரிபொருள் குறைந்தால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது உட்பட, தசை எழுப்பும் செய்திகள் ஐ.ஆர்.எஸ்-1 பக்கமே போகாமல் வேறு வழியாகக் குளூட்-4ஐ வெளியே கொண்டுவருகின்றன. இன்சுலின் பேச்சு எடுபடாத தசையிலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. இதைக் கேட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா உறங்கினார். இரண்டு மணி நேரம் கழித்து 231. இன்று அதே சாப்பாடு, அதே அளவு. ஆனால் அதோ, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். கேமராவை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போகிறேன்.