டிஃப் ஊளையிடுகிறதா? பல் மாற்ற முதல் இதைப் பாருங்கள்

[காட்சி: மழை ஓய்ந்த தோட்டத்துப் பாதை. ஏற்றத்தில் பழைய ஜீப். ஒரு பின் சில்லு சேற்றில் சுழல்கிறது, மற்றது கல்லின் மேல் அசையாமல் நிற்கிறது.]

வணக்கம். இது பொகவந்தலாவைப் பக்கம். இந்த ஜீப்பைப் பார்த்தவுடன் "டிஃப் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். ஒன்றும் போகவில்லை. டிஃப் என்பது டிஃப்ரன்ஷியல், என்ஜின் விசையை இடது, வலது சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதி. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் நிற்கும் சில்லைச் சுழற்றக் கொஞ்சம் விசை போதும். அந்தக் கொஞ்சம்தான் கல்லில் நிற்கும் சில்லுக்கும் கிடைக்கும். வளைவில் வெளிச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, சேற்றில் நம்மைக் கைவிடுகிறது.

சரி, உண்மையான பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காது.

[காட்சி: றம்பொடை வளைவுகள், வண்டிக்குள் பதிவான சத்தம்.]

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குங்கள். டிஃபுக்குள் பினியன் என்ற சின்னப் பற்சில்லு, கிரவுன் வீல் என்ற பெரிய பற்சில்லைச் சுழற்றும். ஏறும்போது கிரவுன் வீல் பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும். இரண்டாம் கியரில் என்ஜினைப் பிடித்து இறங்கும்போது மறு முகம் தாங்கும். ஏற்றத்தில் அமைதி, இறக்கத்தில் ஊளை என்றால் அந்த மறு முகம் தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் பெயாரிங் தளர்ந்திருக்கலாம். வளைவில் மட்டும் கரகரப்பு வந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பற்சில்லுகளைச் சந்தேகியுங்கள். ஏற்றம், இறக்கம் எதிலும் மாறாத உறுமல் பெரும்பாலும் சில்லு பெயாரிங்தான்.

புறப்படும்போது 'டங்' என்று ஒரு அடி விழுகிறதே, அதற்காக நான் டிஃபைக் கழற்றி வீண் செலவு செய்திருக்கிறேன். கராஜில் உறுதியாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். கடைசியில் பார்த்தால், கியர் பெட்டிப் பக்கமிருந்து டிஃபுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டின் யு-ஜாயின்ட், அதாவது அதன் மடங்கும் மூட்டு. வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

[காட்சி: சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கும் கைகள்.]

ஒரு எச்சரிக்கை. சீரிஸ் லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளில் கைப்பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, புரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சில்லை ஜாக்கில் தூக்கினீர்களோ, டிஃப் அந்தச் சில்லைச் சுழலவிட்டு வண்டியை உருளவிடும். நம்முடைய சரிவுகளில் இதை யோசித்துப் பாருங்கள். கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஒயில். ஊற்றும் மூடி கழலுமா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் திறவுங்கள். அந்த மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக உலோகம் இருந்தால்தான் கவலை. ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குழாயை ரப்பர் ஹோஸ் போட்டு என்ஜின் அறை வரை உயர்த்துங்கள். மலையகத்தில் ஓடும் ஜீப்புக்கு இதைவிட மலிவான மேம்பாடு கிடையாது.

[காட்சி: மேசையில் கிரவுன் வீலும் பினியனும்.]

இனிப் பல். கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1, அதாவது பினியன் 4.1 முறை சுற்றினால் கிரவுன் வீல் ஒரு முறை சுற்றும். அந்த வண்டியில் 29 அங்குல டயரைக் கழற்றி 31 போட்டால், ஏற்றத்தில் அது 3.84 போல நடந்துகொள்ளும். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.38 பக்கம் போக வேண்டும்.

இங்கே பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். சீரிஸ் லேண்ட் ரோவரின் 4.7 டிஃபைக் கழற்றிவிட்டு ரேஞ்ச் ரோவரின் 3.54ஐப் போடுகிறார்கள். அதே வேகத்தில் என்ஜின் சுற்று கிட்டத்தட்ட கால்பங்கு குறையும், உண்மைதான். கொழும்பு ஓட்டத்துக்கு அருமை. ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் என்ஜின் பிடிமானம் குறைந்து, பழைய டிரம் பிரேக் தனியாகக் கிடந்து வேகும். மலையில் வசிப்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

மாற்றுவதென்றால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டும். நான்கு சில்லு ஓட்டம் என்றால் முன், பின் இரண்டு ஆக்சிலும் ஒரே விகிதம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் முழு டிஃபாக வாங்கினால் பல்லை நீங்களே எண்ணுங்கள், கடைக்காரர் வாய்க்கணக்கு வேண்டாம். பொருத்தும்போது பல்லில் வண்ணப் பசை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாத மெக்கானிக் பாஸிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் லொக்கர்? நல்லதுதான், ஆனால் கடைசியில். பக்கச் சரிவான ஈரப் பாதையில் பின் லொக்கரைப் போட்டால் இரண்டு சில்லும் ஒன்றாக வழுக்கி, வால் பள்ளத்துப் பக்கம் போகும். பாதையின் ஓரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

[காட்சி: கிரகறி வாவிக் கரை, பனிமூட்டக் காலை.]

புதுப் பல்லை உடனே ஏற்றத்தில் வதைக்கக்கூடாது. முதல் 25 கிலோமீற்றர் சுமையில்லாமல், மெதுவாக, பிறகு நிறுத்தி ஆறவிட வேண்டும். 800 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றவும். நம்மூரில் தட்டையான பாதைக்கு எங்கே போவது? நான் நுவரெலியாவில் இந்த வாவியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாவது சுற்றில், மட்டக்குதிரைக்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்து, "பாதை தெரியவில்லையா தம்பி?" என்று கேட்டார்.