மூக்கு உரசும் தூரம்

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் இருப்பவர்களின் முகம் எனக்குத் தெரியவில்லை. சட்டை நிறமும் புடவை நிறமும் தெரிகின்றன. என் விழித்திரையில் நடுப்பகுதி பழுது. நேராகப் பார்ப்பது மறைந்துபோகும், ஓரத்தில் இருப்பது தெரியும். கூரையைப் பார்த்துப் பேசினால் தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள், உங்களைத்தான் பார்க்கிறேன்.

அறிமுகம் செய்தவர் என்னை 'அகக்கண்ணால் படம் எடுப்பவர்' என்றார். அன்புக்கு நன்றி. ஆனால் அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு.

அந்தச் சண்டைக்குக் காரணம் ஓர் ஓவியர். வினோத் பிகாரி முகர்ஜி 1904-இல் வங்கத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொன்றில் கடும் கிட்டப்பார்வை. தாகூர் நிறுவிய சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் படித்தார். அங்கே இந்தி பவனின் மூன்று சுவர்களில் 1946-47-இல் இடைக்காலத்து அடியார்களைத் தீட்டினார். ஈரச் சாந்தின்மேல் வண்ணம்; காய்வதற்குள் முடித்தாக வேண்டும். முழு அளவில் மாதிரி வரைந்து சுவரில் பெயர்த்துக்கொள்ளவும் இல்லை, நேரடியாகத் தீட்டினார். நம் ராமானுஜர் அதில் இருக்கிறார். கண் தெரியாத வடநாட்டுக் கவி சூர்தாசும் இருக்கிறார். மூக்கு உரசும் தூரத்தில் நின்று வரைபவருக்கு முழுச் சுவர் எங்கே தெரியும்? தோள் வீச்சும் நடந்த அடிகளும்தான் அவருக்கு அளவுகோலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஐம்பதைத் தாண்டியபின், கண்புரை அறுவைக்குப் பிறகு, இருந்த பார்வையும் போயிற்று. அதன்பின் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். யோசித்துப் பாருங்கள்: தீட்டிய கோடு விரலுக்குத் தட்டுப்படாது, வெட்டிய காகிதத்தின் ஓரம் தட்டுப்படும். 1972-இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலாபவனில் ஓடுகளைப் பதித்துப் பெரிய சுவரோவியமே செய்தார். அதே ஆண்டு சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'தி இன்னர் ஐ', அதாவது அகக்கண்தான்! ராய் அவருடைய மாணவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு அங்கே தெரிவது விரலும் கத்திரிக்கோலும் பசையும்.

என் வேலையும் அப்படித்தான். நீங்கள் பார்த்துவிட்டுப் படம் எடுக்கிறீர்கள். நான் எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். போன மாதம் மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு முன்னால் நின்றேன். எனக்கு அது பழுப்பு நிற மேகம். யானைகள் மட்டும் பிடிபட்டன. கைப்பேசியில் முப்பது படம் எடுத்தேன். வீட்டில் தொலைக்காட்சித் திரையில் போட்டு, நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப்போட்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை! முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள். பள்ளிச் சுற்றுலா நாளிலிருந்து அந்தப் பாறையை எத்தனையோ தடவை பார்த்தவன் நான். நல்ல கண் இருந்த காலத்தில் அந்தப் பூனை என் கண்ணில் பட்டதே இல்லை.

எலிகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "மணி பத்தாச்சு, பூனையை விட்டுட்டுச் சாப்பிட வாங்க" என்றாள்.